எட்டோ பதினாறோ

எர்ணாகுளம் பள்ளிமுக்கில் எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் கடையொன்றில் நின்று, "கேன் மாட்யூல் ஒண்ணு வேணும்" என்றேன். கடைக்காரர் நிமிராமலேயே கேட்டார்: "எட்டோ பதினாறோ?"

கேள்வி புரியவில்லை என்று காட்டிக்கொள்ளக் கூச்சம். "எது இருக்கோ அது குடுங்க" என்றேன். அந்த ஒரு பதிலுக்காக இரண்டு நாள் மட்டாஞ்சேரியில் உட்கார வேண்டியதாயிற்று.

அவர் எடுத்துக் கொடுத்தது இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு நீலப் பலகை. நடுவில் எம்சிபி 2515 என்ற சில்லு. வண்டிகளுக்குள்ளும் இயந்திரங்களுக்குள்ளும் ஒரு ஜோடிக் கம்பியில் பல பலகைகள் பேசிக்கொள்ளும் கேன் என்ற முறைக்கான சில்லு அது. பக்கத்தில் ஒரு வெள்ளித் தொப்பி, மாத்திரை வடிவில். அதன் முதுகில் 8.000 என்று பொறித்திருந்தது. நான் கவனிக்கவில்லை. சில்லைத்தான் பார்த்தேன், எல்லாரும் சில்லைத்தான் பார்ப்பார்கள்.

அந்தத் தொப்பிக்குள் இருப்பது ஸ்படிகம். ராமேஸ்வரத்தில் விடியற்காலை வரிசையில் நின்று தரிசிக்கிறோமே, அந்த லிங்கத்தின் அதே கல். கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு. அதை அழுத்தினால் மின்னேற்றம் பிறக்கிறது என்று 1880-இல் பாரிஸில் ஜாக் கூரி, பியர் கூரி என்ற அண்ணன் தம்பி கண்டார்கள். மின்சாரம் கொடுத்தால் கல் நெளியும் என்பது அடுத்த ஆண்டே உறுதியாயிற்று. நெளிகிற கல்லுக்குத் தனக்கென்று ஒரு துடிப்பு உண்டு. கோயில் மணியை எப்படி அடித்தாலும் அதன் சுருதி மாறாததுபோல, இந்தத் துடிப்பும் கல்லின் அளவைப் பொறுத்தது. யார் தட்டினார்கள் என்பதைப் பொறுத்ததல்ல. 1927-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வாரன் மாரிசன் இதை வைத்து ஒரு கடிகாரமே செய்துவிட்டார்.

இரண்டாம் உலகப்போரில் ஒவ்வொரு ரேடியோவுக்கும் ஒரு துண்டு ஸ்படிகம் தேவைப்பட்டது. நல்ல கல் பிரேசிலில் இருந்தது. பூமிக்கடியிலிருந்து வெட்டி, கப்பலில் ஏற்றி, ஆட்கள் கையால் அறுத்துத் தேய்த்தார்கள். போருக்குப் பிறகு, கல்லைத் தேடிப் போவதற்குப் பதில் வளர்த்துக்கொள்ளலாம் என்றாயிற்று. ஆளுயர இரும்புக் கலத்தில் காரக் கரைசல், வெப்பம் முந்நூற்றைம்பது டிகிரிக்கு அருகில், ஆயிரம் வளிமண்டலத்தைத் தாண்டும் அழுத்தம். அதற்குள் தொங்கவிட்ட விதைக் கல் வாரக்கணக்கில் பருத்து வளரும். நம் வீட்டுச் சுவர்க் கடிகாரத்துக்குள் இருப்பதும், என் நீலப் பலகையில் இருப்பதும் இப்படிக் கலத்தில் வளர்ந்த பிள்ளைதான்.

வளர்ந்த கல்லைக் கண்ட கோணத்தில் அறுக்கக் கூடாது. அச்சிலிருந்து ஏறக்குறைய முப்பத்தைந்து டிகிரி சாய்த்து அறுத்தால் வெயிலுக்கும் குளிருக்கும் துடிப்பு அதிகம் மாறாது என்பது 1934-இலிருந்து தெரிந்த சங்கதி. எட்டு மெகாஹெர்ட்ஸுக்கு, அதாவது நொடிக்கு எண்பது லட்சம் துடிப்புக்கு, தகட்டின் தடிமன் சுமார் 0.2 மில்லிமீட்டர். பதினாறுக்கு அதில் பாதி. மெலிய மெலிய வேகம். கடைக்காரர் 'எட்டோ பதினாறோ' என்று கேட்டது உண்மையில் தகட்டின் தடிமனைத்தான்.

இந்தத் தகடு எவ்வளவு பிசகும்? சாதாரண ரகம் பத்து லட்சத்தில் முப்பது பங்கு. ஒரு நாளைக்கு இரண்டரை நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைவிட மலிவாக பீங்கான் துடிப்பி ஒன்று உண்டு, செராமிக் ரெசனேட்டர் என்பார்கள். அது அரை சதவீதம் வரை பிசகும்; நாளைக்கு ஏழு நிமிடம். அதையும் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு, சில்லுக்குள்ளேயே மின்தடையும் மின்தேக்கியும் வைத்துத் துடிக்கவிடலாம். காசே இல்லை. ஆனால் பழைய சில்லுகளில் அது பத்து சதவீதம்கூடத் தவறலாம். கைக்கடிகாரமாக இருந்தால் நாளைக்கு இரண்டரை மணி நேரம் முன்னேயோ பின்னேயோ ஓடும். எதை வைப்பது? நல்லதையே வைத்துவிட்டால் போகிறது என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், பாலிடெக்னிக்கில் படிக்கும்போது ஒரு கிரிஸ்டலை, அதாவது இதே ஸ்படிகத் தொப்பியை, மாற்றிவிட்டு மாட்டிக்கொள்ளும்வரை.

8051 என்ற சில்லைப் படித்த யாருக்கும் 11.0592 என்ற எண் மறக்காது. லேபில் இருந்த ஒவ்வொரு கிட்டிலும் அந்த எண் பொறித்த கிரிஸ்டல்தான் நிற்கும். ஒன்று பழுதானது. இருப்பில் தேடினேன், 12.000 கிடைத்தது. பன்னிரண்டு என்றால் முழு எண், கச்சிதம், வேகமும் கூடுதல். அதை வைத்து ஈயத்தால் பற்றவைத்தேன். கணினித் திரையில் 'வணக்கம்' என்று ஆங்கில எழுத்தில் வரவேண்டிய இடத்தில் கேள்விக்குறியும் சதுரமுமாகக் கொட்டியது. விரிவுரையாளர் வந்து பார்த்தார். "நம்பர் அழகா இருந்தா போதுமாடா? வகுபட வேண்டாமா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

கணக்கு இதுதான். அந்தச் சில்லு கிரிஸ்டலின் துடிப்பைப் பன்னிரண்டால் வகுக்கும், பிறகு முப்பத்திரண்டால், பிறகு நாம் சொல்லும் ஒரு முழு எண்ணால். 11.0592-ஐ இப்படி வகுத்து, கடைசியில் மூன்றால் வகுத்தால் நொடிக்கு 9600 பிட், சுத்தமாக. 12.000-ஐ அதே வழியில் வகுத்தால் 10417. எட்டரை சதவீதம் வேகம். ஒரு கம்பியில் எழுத்துகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும்போது, கேட்கிற சில்லு தொடக்கக் குறியைப் பார்த்த நொடியிலிருந்து தன் கடிகாரத்தை நம்பி எண்ணத் தொடங்குகிறது. ஒரு எழுத்துக்குப் பத்து பிட். கடைசி பிட்டின் நடுவுக்கு வரும்போது ஒன்பதரை பிட் தூரம் ஓடியிருக்கும். அதற்குள் அரை பிட் விலகினால் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிவிடும். அதனால் இரண்டு பக்கமும் சேர்ந்து ஐந்து சதவீதத்துக்குள் அடங்க வேண்டும். ஆளுக்கு இரண்டு என்பது பழகிய கணக்கு. எட்டரை எங்கே, இரண்டு எங்கே! என் பன்னிரண்டு மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் தன்னளவில் துல்லியமானது. எதிரே இருந்த கணினியோடுதான் ஒத்துப்போகவில்லை.

பன்னிரண்டுக்கும் ஒரு நியாயம் உண்டு என்று பிறகு தெரிந்தது. பன்னிரண்டால் வகுத்தால் சரியாக ஒரு மைக்ரோநொடி. நேரத்தை அளக்கிற வேலைக்கு அது தங்கம். பேசுகிற வேலைக்குத் தகரம்.

11.0592 எங்கிருந்து வந்தது? 1.8432-இன் ஆறு மடங்கு அது. 1.8432 என்பது 115200-இன் பதினாறு மடங்கு. 300, 1200, 9600 என்று தொலைத்தட்டச்சுக் காலத்துப் பரம்பரையில் வந்த வேகங்களுக்கெல்லாம் மீதியில்லாமல் வகுபடும். 1981-இல் வந்த ஐபிஎம் பிசியில் 8250 என்ற தொடர்வரிசைச் சில்லுக்கு இந்த 1.8432-ஐத் தனியாக வைத்தார்கள். அதே கணினியின் தாய்ப்பலகையில் துடித்தது 14.31818. அது அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சியின் நிற அலைவரிசையைப்போல் நான்கு மடங்கு. மூன்றால் வகுத்து மூளைச் சில்லுக்கும் கொடுத்துவிட்டார்கள். தொலைக்காட்சிக்குப் பிறந்த எண் கணினிக்குள் புகுந்தது; தந்திக்குப் பிறந்த எண் நம் பாலிடெக்னிக் லேபுக்கு வந்து சேர்ந்தது. இவ்வளவும் தெரியாமல் நாங்கள் தேர்வுக்கு 11.0592 என்று மனப்பாடம் செய்தோம்.

சரி, மட்டாஞ்சேரிக்கு வருகிறேன். உயர் நீதிமன்றத் துறையிலிருந்து வாட்டர் மெட்ரோவில் ஏறினேன். மின்கலத்தில் ஓடும் படகு, கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் செய்தது. 2023 ஏப்ரலில் சேவை தொடங்கியது, 2025 அக்டோபரில் மட்டாஞ்சேரிக்கும் துறை திறந்தார்கள். சத்தமில்லாமல் காயலில் வழுக்கிக்கொண்டு போகும். பையில் நீலப் பலகை. நண்பனின் பட்டறை பஜார் ரோட்டுக்குப் பின்னால், பழைய மிளகுக் கிடங்கு ஒன்றின் பாதியில். அவன் குடும்பம் நான்கு தலைமுறைக்கு முன்னால் தமிழ்நாட்டிலிருந்து வந்தது. மலையாளத்தில் யோசித்துத் தமிழில் பேசுவான். சிறு படகு ஒன்றின் மின்கலத் தொகுப்பு தன் வெப்பத்தையும் இருப்பையும் கேன் கம்பியில் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதைக் கேட்டு ஒரு திரையில் காட்ட வேண்டும். நொடிக்கு 2,50,000 பிட். இதுதான் வேலை.

மாலைக்குள் முடிந்துவிடும் என்றிருந்தேன். கம்பியை இணைத்ததும் என் பலகை எதையும் கேட்கவில்லை. அது மட்டுமா, அதுவரை ஒழுங்காகப் பேசிக்கொண்டிருந்த மின்கலப் பலகையும் திணறத் தொடங்கியது. "நீ வந்து மாட்டுனதும் எல்லாம் கேடாச்சுடா" என்றான் நண்பன்.

மறுநாள் காலை அவன் வர நேரமாயிற்று. யூதத் தெருவில் நடந்தேன். பரதேசி யூத ஆலயத்தின் மணிக்கூண்டு எதிரே வந்தது. டச்சுக் கம்பெனியின் பெரிய வணிகராக இருந்த எசேக்கியல் ரகாபி 1760-இல் கட்டியது. அதன் முகப்புகளில் எபிரேய எண்கள் ஒரு பக்கம், ரோமன் எண்கள் ஒரு பக்கம், மலையாள எண்கள் ஒரு பக்கம். ஆலயத்துக்கு வருகிறவனும் கப்பலில் வந்த வெள்ளைக்காரனும் உள்ளூர்க்காரனும் அவரவர் எழுத்தில் மணி பார்த்துக்கொண்டார்கள். பல பத்தாண்டுகள் ஓடாமல் நின்றுபோயிருந்த அதை இருபதாம் நூற்றாண்டின் முடிவில் உலக நினைவுச்சின்ன நிதியம் பழுதுபார்த்தது.

மணிக்கூண்டுகளில் இயந்திரம் ஒன்றுதான் இருக்கும். அதிலிருந்து தண்டுகள் பிரிந்து ஒவ்வொரு முகத்தின் முட்களையும் திருப்பும். இயந்திரம் பத்து நிமிடம் தவறினால் எல்லா முகமும் சேர்ந்து தவறும், ஒன்றுக்கொன்று முரண்படாது. சில்லுகளிலும் இப்படி ஒரு சாதி உண்டு. எஸ்பிஐ, ஐ-ஸ்கொயர்-சி என்ற இரண்டு பேச்சு முறைகளிலும் தரவுக் கம்பியோடு துடிப்புக்கென்று தனிக் கம்பி ஓடும். தலைவர் தாளம் போடுவார், மற்றவர்கள் அதற்கு ஆடுவார்கள். தாளம் தடுமாறினாலும் குடி முழுகாது, ஏனென்றால் எல்லாருக்கும் ஒரே தாளம். ஆனால் ஒரு பலகைக்குள் இருக்கும் வரைதான் இது எளிது. படகின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம்வரை, லாரியின் எஞ்சினிலிருந்து விளக்குவரை இன்னொரு கம்பி இழுப்பதற்குச் செலவு உண்டு. இரைச்சலும் தாமதமும் வேறு.

கேன் அதனால்தான் துடிப்புக் கம்பி இல்லாமல் பிறந்தது. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1983-இல் தொடங்கி, 1986 பிப்ரவரியில் டெட்ராய்ட்டில் வெளியிட்டது. 1987-இல் இன்டெல் முதல் சில்லைக் கொண்டுவந்தது, பின்னாலேயே பிலிப்ஸ். கம்பியில் தொங்கும் ஒவ்வொரு பலகைக்கும் அதனதன் கடிகாரம். தலைவர் கிடையாது, யாரும் எப்போதும் பேசத் தொடங்கலாம்.

யூதத் தெருவிலேயே மிளகுச் சந்தை இருந்தது. இந்திய மிளகு, நறுமணப்பொருள் வணிகச் சங்கம், 1957-இல் தொடங்கியது. தரகர்கள் ஒரே கூடத்தில் நின்று விலையைக் கூவுவார்கள். கணினி வந்தபிறகுதான் சத்தம் அடங்கியது. அங்கே இரண்டு பேர் ஒரே சமயத்தில் கூவினால் குழப்பம். கேனில் குழப்பமில்லை. ஒவ்வொரு செய்தியும் ஓர் எண்ணோடு தொடங்கும். இருவர் சேர்ந்து தொடங்கினால் இருவரும் பிட் பிட்டாகத் தங்கள் எண்ணைக் கம்பியில் வைப்பார்கள். பூஜ்யம் ஒன்றை அழுத்திவிடும். தான் ஒன்று வைத்த இடத்தில் பூஜ்யம் கேட்டால், நம்மைவிட அவசரக்காரன் பேசுகிறான் என்று அறிந்து விலகிவிட வேண்டும். சிறிய எண் வெல்லும். அதன் செய்தி கொஞ்சமும் சிதையாது. எனக்கு இதைவிட அழகான நாகரிகம் எந்த இயந்திரத்திலும் தெரிந்ததில்லை.

ஆனால் அந்த நாகரிகத்துக்கு ஒரு விலை. எல்லாரும் ஒரே பிட்டை ஒரே கணத்தில் கேட்டாக வேண்டும். கம்பியின் ஒரு கோடியில் வைத்த குரல் மறுகோடிக்குப் போய்த் திரும்புவதற்குள் அந்த பிட் முடிந்துவிடக் கூடாது. நொடிக்குப் பத்து லட்சம் பிட் என்றால் கம்பி சுமார் நாற்பது மீட்டருக்கு மேல் போகாததற்குக் காரணம் இதுவே. தனித்தனிக் கடிகாரங்கள் மெல்ல விலகுமே, அதற்கு மருந்து? தொடர்ந்து ஐந்து பிட் ஒரே மாதிரி வந்தால் ஆறாவதாக எதிர்மாறான ஒன்றைத் திணித்துவிடுவார்கள். அந்த மாற்றத்தின் விளிம்பைப் பார்த்து எல்லாரும் தங்கள் கடிகாரத்தை ஒரு தட்டுத் தட்டி நேராக்கிக்கொள்வார்கள். கச்சேரியில் பாடகர் சமத்துக்கு வரும்போது அவையே கையைத் திருத்திக்கொள்வதுபோல.

இத்தனைக்குப் பிறகும் அனுமதிக்கும் பிசகு அதிகபட்சம் 1.58 சதவீதம். அதற்கு முந்தைய ஏற்பாட்டில் அரை சதவீதம்தான். பீங்கான் துடிப்பியையும் உள்ளே விடவேண்டும் என்று தளர்த்தினார்கள். அப்போதும் பாஷின் விதிநூல், பீங்கான் நொடிக்கு 1,25,000 பிட் வரைக்கும்தான், முழு வேகத்துக்கு ஸ்படிகமே வேண்டும் என்கிறது. இன்னொன்றும் சொல்கிறது: ஒரு கம்பியில் தொங்குபவற்றில் எந்தச் சில்லுக்குக் கடிகாரத் துல்லியம் மிகக் கறாராக வேண்டுமோ, அதே கறார் மற்ற எல்லாருக்கும் பொருந்தும். கூட்டுக் குடும்பத்தில் ஒருவருக்கு ரத்தக்கொதிப்பு என்றால் வீடே உப்பைக் குறைக்கிறதில்லையா.

இதையெல்லாம் மணிக்கூண்டின் கீழே நின்று யோசிக்கும்போது பிடிபட்டது. என் ஸ்படிகம் பத்து லட்சத்தில் முப்பது பங்குகூடத் தவறவில்லை. குற்றம் அதன்மேல் இல்லை. என் நிரல் பதினாறு என்று நினைத்துக்கொண்டிருந்தது, கண்ணெதிரே எட்டு.

இந்தச் சில்லுக்கான நிரல்கள் பலவும் பதினாறையே எதிர்பார்த்து எழுதப்பட்டவை. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் நீலப் பலகையில் இருப்பதோ பெரும்பாலும் எட்டு. பதினாறுக்கான வகுத்தலை எட்டில் செய்தால் வேகம் பாதியாகும். எல்லாரும் நொடிக்கு 2,50,000 பிட்டில் பேசுகையில் என் பலகை 1,25,000-இல் கேட்டது. கேட்டதெல்லாம் பிழையாகத் தெரிந்ததால், ஒவ்வொரு முறையும் "தப்பு, தப்பு" என்று கம்பியில் கத்தியது. பிழை கண்டவர் கத்தித்தான் ஆகவேண்டும் என்பது கேனின் சட்டம். நல்லவனாக இருந்துகொண்டே ஊரைக் கெடுத்தது என் பலகை.

பட்டறைக்கு ஓடினேன். நிரலில் ஒரே ஒரு வரி, பதினாறை எட்டாக்கினேன். திரையில் மின்கலத்தின் வெப்பம் வந்தது, இருப்பு வந்தது. "இத்தரயே உள்ளோ?" என்றான் நண்பன். இவ்வளவுதான்.

எட்டு போதுமா என்பது தனிக் கேள்வி. சில்லு தன் ஸ்படிகத்தின் துடிப்பை முதலில் இரண்டால் வகுக்கும். எட்டென்றால், அது பிட்டை அளக்கும் நேரத் துணுக்கு ஒன்று 250 நானோநொடி. 2,50,000 வேகத்தில் ஒரு பிட்டுக்குப் பதினாறு துணுக்கு. எந்த இடத்தில் செவி சாய்ப்பது, எவ்வளவு திருத்திக்கொள்வது என்று தாராளமாக அமைக்கலாம். 5,00,000-இல் எட்டுத் துணுக்கு. விதிநூல் கேட்கும் குறைந்தபட்சம் அதுதான். பத்து லட்சம் வேண்டுமென்றால் நாலே துணுக்கு, நடக்காது. அப்போது பதினாறு மெகாஹெர்ட்ஸ் வைத்தே தீரவேண்டும். எங்கள் படகுக்கு எட்டே போதும்.

எல்லாச் சில்லுக்கும் ஸ்படிகம் வேண்டும் என்பதுமில்லை. காரின் கண்ணாடி, இருக்கை போன்ற சில்லறை வேலைகளுக்கு லின் என்று ஒரு கம்பி உண்டு. அங்கே தலைவரிடம் மட்டும் நல்ல கடிகாரம். ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் அவர் ஒன்று, பூஜ்யம், ஒன்று, பூஜ்யம் என்று மாறிமாறித் தட்டிக் காட்டுவார். பதினாலு சதவீதம் பிசகிய தொண்டனும் அதை அளந்து தன்னைச் சரிசெய்துகொள்வான். யுஎஸ்பி முழுவேகத்தில் கால் சதவீதம்தான் அனுமதி. ஆனால் கணினி ஒவ்வொரு மில்லிநொடியும் ஒரு சமிக்ஞை அனுப்பும். அதைப் பிடித்துக்கொண்டு தன் உள்துடிப்பைத் திருத்தும் சில்லுகள் வந்துவிட்டதால் அங்கே வெள்ளித் தொப்பி காணாமல் போய்க்கொண்டிருக்கிறது. பழைய ரக ஆர்டுயினோ ஊனோ பலகையை உற்றுப் பாருங்கள், வேடிக்கையாக இருக்கும். கணினியோடு பேசும் யுஎஸ்பி சில்லுக்கு ஸ்படிகம். நாம் நிரல் எழுதும் முதன்மைச் சில்லுக்குப் பீங்கான். மரியாதை வாசலில் நிற்பவனுக்குத்தான்.

ஒரு மாதம் கழித்து, அதே படகில் மோட்டார் பக்கம் இன்னொரு பலகை வேண்டும் என்றான் நண்பன். பள்ளிமுக்குக் கடையில் அதே கேள்வி: "எட்டோ பதினாறோ?"

"ரெண்டுல எதுன்னாலும் சரி சேட்டா. எதுன்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க."

பதினாறை நான்கால் வகுத்தாலும் அதே 250 நானோநொடிதான். எட்டும் பதினாறும் ஒரே கம்பியில் சண்டையில்லாமல் இருக்கும். கடைக்காரர் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பலகையை விளக்குக்கு நேரே சாய்த்து, தொப்பியின் முதுகை வாசித்தார்.

"பதினாறு."